சுவைத்தலும் குடித்தலும்

தமிழில் ‘குடி’ என்னும் சொல் இருவேறு பொருள்களைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஒன்று குடும்பம், குலம், வாழும் இடம். குடிமகன், குடியிருப்பு, குடிமை ஆகிய சொற்களெல்லாம் அதன்வழிப் பிறந்தவை. மற்றொன்று, அந்தக் குடும்பத்தையே வேரோடு சாய்த்துவிடும் பழக்கம். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று மதுப்புட்டியின் மேலேயே அச்சிட்டு விற்ற விந்தையை நாம் கண்டிருக்கிறோம். வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆயினும் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே ஏற்று நடத்தும் நம் மாநிலத்தில், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் கண்டோம்.

இந்த மண்ணில் பணியாற்றும் குருவானவனுக்கு ஓர் உள்நெருடல் உண்டு. காலையில் பீடத்தில் திராட்சை இரசக் கிண்ணத்தை அவன் உயர்த்துகிறான். மாலையில், குடியை விட்டொழிக்க விரும்பும் ஒருவரின் கையைச் சிலுவையின்மேல் வைத்து வாக்குறுதி வாங்குகிறான். இரண்டும் ஒரே கைதான். ஒருமுறை சக்கிரிஸ்து வாயிலில் நின்று ஒரு தாய் என்னைக் கேட்டார்: “சாமி, பூசையில நீங்க குடிக்கிறதும் ஒயின்தானாமே? சாமியாரே குடிக்கும்போது எனக்கென்னன்னு வீட்டுக்காரர் கேக்குறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?” அர்ச்சிக்கப்பட்டது, அர்ச்சிக்கப்படாதது என்ற வேறுபாடு இறையியல் வகுப்பிற்குப் போதுமானது. அடிபட்ட கன்னத்தோடு நின்ற அந்தத் தாய்க்கு அது போதாது. கிண்ணத்திற்கும் புட்டிக்கும் இடையே மனிதர் கண்டு தெளியக்கூடிய வேறுபாடு ஒன்று உண்டா என்னும் வினா என்னோடு பல ஆண்டுகள் நடந்து வந்தது. அதற்கு ஒரு வெளிச்சம் கிடைத்த இடம், ஓர் ஒயின் சுவைப்போர் குழுவின் மாலைக் கூட்டம் என்பது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்துப் பங்கில் நான் இரண்டாண்டுகள் பணியாற்றினேன். அப்பங்கின் மன்றக் கூடத்தில் மாதத்திற்கு ஒருமுறை அந்தக் குழு கூடும். உறுப்பினர் பதினான்கு பேர். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் அதனை முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு நாட்டின் இரசங்களைத் தெரிந்தெடுப்பார்கள். ஸ்பெயின் நாட்டு இரசங்களுக்குரிய மாலையன்று என்னையும் அழைத்தார்கள். நான் தயங்கியதைக் கண்ட ஆசிரியர், “எங்கள் கூட்டத்தில் யாரும் குடிப்பதில்லை, தந்தையே. வந்து பாருங்கள்” என்றார். அந்த ஒரு வாக்கியமே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. ஒவ்வொருவர் முன்னும் நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு குவளை நீர், ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகள், ஒரு தாள், ஒரு பென்சில். மேசையின் நடுவே, வாயில் வைத்ததை உமிழ்வதற்கான சிறு வாளிகள். ஒவ்வோர் இரசத்திற்கும் ஒரே ஒரு புட்டி. 750 மில்லிலிட்டர் புட்டி, என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர், ஆளுக்கு 50 மில்லிலிட்டர். நம் ஊரில் இருமல் மருந்துக்கு அளவு பார்ப்பதுபோல அளந்து ஊற்றினார்கள்.

சுவைப்பதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் கண். கிண்ணத்தை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து நிறத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து மூக்கு. கிண்ணத்தைச் சற்றே சுழற்றி, மணம் எழுந்ததும் முகர வேண்டும். பின்னரே வாய். ஒரு சிறு மிடறை நாவெங்கும் பரவவிட்டுச் சிறிது நேரம் வைத்திருந்து, உமிழ்ந்துவிட வேண்டும். உமிழ்ந்த பிறகும் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். இவை யாவும் முடிந்து, தாம் உணர்ந்ததைத் தாளில் எழுதும்வரை எவரும் பேசலாகாது. ஒருவர் சொல் மற்றவர் நாவைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பதினைந்து பேர் ஓர் அறையில் மதுவை முன்னே வைத்துக்கொண்டு மௌனமாய் அமர்ந்திருந்த அக்காட்சியை நான் அதற்குமுன் எங்கும் கண்டதில்லை. தியான மடங்களில் மட்டுமே அத்தகைய மௌனம் எனக்குப் பழக்கம்.

முதலில் வந்தது ஸ்பெயினின் தென்கோடியில், அத்திலாந்திக் கடலோரம் உள்ள சான்லூக்கர் நகரத்து மன்சனில்யா. வைக்கோலின் வெளிறிய நிறம். கடற்காற்றின் உப்பை நினைவூட்டும் வறண்ட சுவை. இது உருவாகும் விதத்தை ஆசிரியர் விளக்கினார். மிடாவை விளிம்புவரை நிரப்பாமல் சிறிது இடம் விடுகிறார்கள். இரசத்தின் மேற்பரப்பில் வெண்ணிற நொதிப் படலம் ஒன்று தானாகப் படர்கிறது. ‘மலர்’ என்னும் பொருளில் ‘ஃப்ளோர்’ என்று அதனை அழைக்கிறார்கள். காற்று நேரடியாய்த் தீண்டி இரசத்தைக் கெடுத்துவிடாமல் அப்படலம் போர்வையாய்க் காக்கிறது. மிடாக்களை வரிசைமேல் வரிசையாய் அடுக்கியிருக்கிறார்கள். தரையோடு இருக்கும் அடிவரிசையில்தான் மிகப் பழையது இருக்கும். புட்டியில் அடைப்பதற்கு அதிலிருந்து ஒரு பங்கை மட்டுமே எடுப்பார்கள். எடுத்த அளவை அதற்கு மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். அதனை அதற்கும் மேலிருந்து. புதிய இரசம் உச்சியில் சேரும். எந்த மிடாவையும் அவர்கள் முழுதாய் வெறுமையாக்குவதில்லை. ஆகவே இன்று ஊற்றிய கிண்ணத்தில், முதன்முதல் அம்மிடாவை நிரப்பியவர்கள் காலத்து இரசத்தின் ஏதோ ஓர் அணுவேனும் கலந்திருக்கும்.

‘சொலேரா’ எனப்படும் இம்முறையைக் கேட்டபோது, திருச்சபையின் மரபு என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு வாய்த்ததில்லை என்று தோன்றியது. பழையது புதியதைப் பதப்படுத்துகிறது. புதியது பழையதை உயிரோடு வைத்திருக்கிறது. ஒரு தலைமுறை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் குடித்துத் தீர்த்துவிட அதற்கு உரிமையில்லை. அங்கே முட்டையின் வெண்கருவைக் கொண்டு இரசத்தைத் தெளிய வைப்பது பழைய வழக்கம். மிஞ்சிய மஞ்சள்கருவைக் கன்னியர் மடங்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதில் சர்க்கரை சேர்த்துக் கன்னியர் செய்த இனிப்பு இன்றும் அப்பகுதியில் புகழ்பெற்றது என்றார் ஆசிரியர்.

இரண்டாவதாக ரோசா நிறத்தில் ஓர் இரசம் வந்தது. வடக்கே நவாரா நாட்டில், கர்னாச்சா என்னும் கருந்திராட்சையின் தோலைச் சிறிது நேரமே சாற்றில் ஊறவிட்டு எடுத்தது. நவாரா என்ற பெயரைக் கேட்டதும் என் உள்ளம் வேறெங்கோ சென்றது. 1506-இல் அந்நாட்டின் ஒரு கோட்டையில் பிறந்த பிள்ளைதானே, 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடலோரச் சிற்றூர்கள்தோறும் மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த சவேரியார்! அவர் பிறந்த மண்ணின் கனி என் கையிலிருந்த கிண்ணத்தில். அதனை நான் சொன்னபோது, அந்த மேசையில் இருந்தவர்கள் தாம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மணப்பாட்டுக் குகையைப் பற்றியும், கோவாவில் இன்றும் காக்கப்படும் அவரது உடலைப் பற்றியும் சொன்னேன். திராட்சைக் கொடி இல்லாத, பனைமரமே நிறைந்த தேரிக்காட்டு ஓரத்தில் அவர் எதைக் கண்டு தம் ஊரை நினைத்திருப்பாரோ என்று ஓர் அம்மையார் கேட்டார். அதற்கு எவரும் விடை சொல்லவில்லை.

மூன்றாவது, ரியோஹா நாட்டுச் செந்நிற இரசம். மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் காத்திருந்து, அவற்றுள் ஓராண்டேனும் ஓக் மர மிடாவில் உறங்கிய பின்னரே ‘ரெசெர்வா’ என்னும் பெயரை அது பெறுகிறதாம். அதன் பின்னே ஒரு துன்பக் கதையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு பூச்சி, பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை வேரிலேயே அழித்தது. இரசம் தேடிப் பிரெஞ்சு வணிகர் மலை கடந்து ரியோஹாவுக்கு வந்தார்கள். தம் தொழில்நுட்பத்தையும் கொண்டுவந்தார்கள். ரியோஹா செழித்தது. ஆனால் அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே பூச்சி ரியோஹாவையும் எட்டியது. மருந்தேதும் பலிக்கவில்லை. முடிவில், பூச்சியைத் தாங்கும் வலிமை கொண்ட அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டே தோட்டங்களை மீட்டார்கள். இன்று ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளுள் மிகப் பெரும்பாலானவை அவ்வாறு அயல்வேரில் நிற்பவையே. நோய் வந்த திசையிலிருந்தே மீட்பும் வந்தது. மரத்தால் வந்த சாவை மரத்தாலேயே வென்றார் என்று சிலுவையைப் பற்றி நாம் சொல்வதும், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் ஒட்டுப்போட்ட ஒலிவக் கிளையைப் பற்றிச் சொல்வதும் ஒருங்கே என் நினைவில் எழுந்தன.

நான்காவது, கத்தலோனியாவின் பிரியோராத் மலைப்பகுதியிலிருந்து வந்தது. ‘பிரியோர்’ என்னும் மடத்துத் தலைவரின் பெயரால் அமைந்த நாடு அது. 12-ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவிகள் அங்கே ‘இறைவனின் ஏணி’ என்னும் பெயரில் ஒரு மடம் அமைத்தார்கள். வானதூதர் ஓர் ஏணியில் ஏறி இறங்குவதை இடையன் ஒருவன் கண்டான் என்பது அவ்விடத்துக் கதை. மௌனத்தைத் தம் வாழ்வாக்கிக்கொண்ட அத்துறவிகளே அங்குத் திராட்சை வளர்ப்பை வேரூன்றச் செய்தவர்கள். 1835-இல் அரசு மடங்களைப் பறிமுதல் செய்தபோது துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள், மடம் இடிபாடாயிற்று. பின்னர்ப் பூச்சி வந்தது. மக்களும் ஊரைவிட்டுப் போனார்கள். 1980-களின் இறுதியில் சிலர் அங்கே வந்து, செங்குத்தான சரிவுகளில் கரும்பலகைக் கற்களுக்கிடையே எஞ்சி நின்ற முதிர்ந்த கொடிகளைக் கண்டு, அவற்றை மீண்டும் பேணத் தொடங்கினார்கள். நீர் தேடி அக்கொடிகளின் வேர் பாறைப் பிளவுகளில் ஆழ இறங்குகிறது. காய்ப்பது மிகக் குறைவு. காய்த்ததோ செறிவு மிக்கது. அன்று அனைவரும் நீண்ட நேரம் பேசாதிருந்தது இந்தக் கிண்ணத்தின் முன்தான்.

இவை எதனையும் நான் விழுங்கவில்லை. என் மக்களோடு சேர்ந்து நானும் எடுத்த மதுவிலக்கு வாக்குறுதி எனக்கு உண்டு. திருப்பலிக்கு வெளியே அதனைக் காத்து வருகிறேன். உமிழும் வாளி அதற்கு இடம் தந்தது. ஆயினும் முதல் முறை உமிழ்ந்தபோது உள்ளம் ஒரு கணம் கூசியது. பீடத்தில், கிண்ணத்தின் அடியில் நிற்கும் கடைசித் துளியையும் நீரூற்றிக் கழுவிப் பருகப் பழகிய வாய் இது. ஒரு துளியும் வீணாகலாகாது என்று அங்கே. ஒரு துளியும் உள்ளே போகலாகாது என்று இங்கே. எதிரெதிரானவையாய்த் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே மரியாதையின் இரு முகங்கள் என்று பின்னர் எண்ணினேன். இரண்டிடத்திலும் கையில் இருப்பது என்ன என்பதை மனிதன் அறிந்திருக்கிறான். தன்னை மறப்பதற்காக அவன் கிண்ணத்தைத் தொடவில்லை.

அந்தத் தாயின் வினாவுக்கு ஒரு பகுதி விடை இங்கே கிடைத்தது. குடிப்பவர் தேடுவது மறதி. சுவைப்பவர் தேடுவது கவனம். குடிப்பவருக்கு அடுத்த மிடறு வேண்டும். சுவைப்பவர் இந்த மிடற்றிலேயே தங்கியிருக்கிறார். இதே கத்தலோனியாவின் மன்ரேசா நகரில் 1522-இல் தவமிருந்த புனித இஞ்ஞாசியார், தம் ஆன்மீகப் பயிற்சிகளில், நிறைய அறிவதைவிட உள்ளத்தால் சுவைப்பதே ஆன்மாவை நிறைவிக்கும் என்று கற்பித்தார். அவர் அங்கே ஆண்ட சொல், நாவால் சுவைப்பதைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லேயாகும். ‘ஒயின் ஷாப்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய நம் ஊர்க் கடைகளில் விற்றவற்றுள் திராட்சைக்கும் சுவைக்கும் இடம் மிகக் குறைவு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வெளியேறும் மனிதரை நாம் அங்கே கண்டிருக்கிறோம். சுவைக்காகக் குடிப்பவர் எவரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லை.

இத்தோடு நிறுத்தினால் உண்மையில் பாதியை மறைத்தவனாவேன். நல்ல இரசமும் நல்ல நடையும் இருந்தால் மது எவரையும் கெடுக்காது என்று இதற்குப் பொருளில்லை. அன்று மேசையின் கடைக்கோடியில் ஒருவர் அமர்ந்து ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னே நீர்க்குவளை மட்டுமே இருந்தது. உறுப்பினர் ஒருவரின் கணவர் அவர். இடைவேளையில் அவரருகே சென்று அமர்ந்தேன்.

“நான் கடைசியாகக் குடித்துப் பதினோர் ஆண்டுகள் ஆயின, தந்தையே” என்றார். “இவர்கள் ஒரு மிடற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ஒரு மிடறு இல்லை. தொடங்கினால் முடிப்பது என் கையில் இல்லை. ஆகவே இவர்களுக்குக் கிண்ணம், எனக்கு வண்டிச் சாவி.” கூட்டம் முடிந்ததும் தம் மனைவியையும் முதியவர் மூவரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர் பணி. அதற்காகவே மாதந்தோறும் வருகிறார்.

அந்த மாலையில் நான் கவனித்த மற்றொன்று உண்டு. எவரும் அவருக்கு ஊற்றவில்லை. “இன்று ஒரு நாள் மட்டும்” என்று எவரும் வற்புறுத்தவில்லை. எவரும் கேலி பேசவுமில்லை. நம் ஊரில் திருமணமாயினும் திருவிழாவாயினும், குடியை விட்டவனைத் தேடிப்பிடித்து, “ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது” என்று கையில் திணிப்பதை நட்பு என்று கருதுகிறோம். எத்தனை வாக்குறுதிகள் அந்த நட்பால் உடைந்தன என்பதைப் பங்குக் குருக்கள் அறிவர்.

அவரை நான் ஞாயிறு திருப்பலியிலும் கண்டிருக்கிறேன். அப்பங்கில் இருவடிவிலும் நற்கருணை வழங்குவது வழக்கம். அவர் அப்பத்தைப் பெற்றுக்கொண்டு, கிண்ணத்தின் முன் தலைவணங்கி நகர்ந்துவிடுவார். அதன் காரணம் அன்றுதான் புரிந்தது. ஒரே வடிவில் பெறுபவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார் என்று 1562-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் கற்பித்ததை நான் குருமடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். கிண்ணத்தைக் கடந்து செல்லும் அந்த மனிதரின் வணக்கத்தில் அது உயிர்பெற்று நின்றது. அவருக்கு எதுவும் குறைவுபடவில்லை.

குருவானவருக்கே இந்நோய் இருந்தால்? திருச்சபை அதனையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் விடுத்த மடலின்படி, மதுவை ஒரு துளியும் கொள்ள இயலாத குருவுக்கு, ‘முஸ்தும்’ எனப்படும் திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி வழங்கலாம். இயல்பு கெடாமல், நொதித்தல் மட்டும் தடுத்து நிறுத்தப்பட்ட சாறு அது. நம் தென்மாவட்ட வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பனையின் பாளையிலிருந்து வடிவது ஒரே நீர்தான். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர். தடவாத கலயத்தில் விழுந்தால் கள். கலயத்தின் உள்ளே பூசப்பட்டது எது என்பதே அனைத்தையும் முடிவு செய்கிறது. மனிதரும் அவ்வாறே. ஒருவருக்கு மகிழ்ச்சியாய் இறங்கும் அதே மிடறு மற்றொருவருக்கு நஞ்சாய் இறங்குகிறது. தன் கலயம் எத்தகையது என்று அறிந்தவனே ஞானி. அதை அறிந்து நடக்க அடுத்தவனுக்கு இடம் தருவதே அன்பு.

கானாவூர்த் திருமணத்தை நாம் எண்ணற்ற முறை தியானித்திருக்கிறோம். அங்கே இரு வகையினர் இருந்ததாக யோவான் எழுதுகிறார். பந்தி மேற்பார்வையாளர் இரசத்தைச் சுவைத்து, அது நல்லது என்று சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தொட்டிகளில் விளிம்புவரை நீர் நிரப்பிய பணியாளருக்கோ தெரிந்திருந்தது. அவர்கள் அதனைச் சுவைத்ததாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. சுவைத்தவருக்குக் கிட்டாத அறிவு, சுவைக்காமல் சுமந்தவர்களுக்குக் கிட்டியது.

விருந்து ஒன்று நல்லதா என்பதற்கு மேசையிலுள்ள இரசம் மட்டுமே அளவுகோலாகாது. அருந்தாதவருக்கும் அங்கே ஓர் இருக்கை இருக்கிறதா, எவரும் அவரை வற்புறுத்தாதிருக்கிறார்களா, இரவில் அனைவரும் நலமாய் வீடு சேர்கிறார்களா என்பவையும் அளவுகோல்களே. நம் இல்லங்களின் பந்திகளையும் பங்குத் திருவிழாக்களையும் இந்த அளவுகோல்களால் நாம் அளந்து பார்ப்போமாக. குடி என்னும் சொல்லின் முதற்பொருளாகிய குடும்பம் நம்மிடையே பிழைத்திருக்க அது வழி செய்யும்.